பதின்மூன்றாவது ஆணி

எங்கள் குடும்பத்தில் யாரும் தகப்பன் பெயரின் முதலெழுத்தை இனிஷியலாகப் போடுவதில்லை. பாட்டனாரின் எழுத்தான 'ஞா'வைத்தான் போடுகிறோம். எங்கள் வம்சத்தில் முதலில் கிறிஸ்தவ வேதத்துக்கு வந்தவர் அவர். கோயில் கட்ட நிலம் கொடுத்தவரும் அவரே. தவறான வழியில் போன ஒரு சித்தப்பாவிடமிருந்து அந்த எழுத்தை நாங்கள் திரும்ப வாங்கிக்கொண்டோம். அதற்குப் பிறகு எந்தக் கல்யாணப் பத்திரிகையிலும் அவர் பெயர் வரவில்லை. இதைச் சொல்லாமல் புள்ளி என்ற குழந்தையைப் பற்றிச் சொல்ல முடியாது.

பத்திரப் பதிவு அலுவலகத்தில் 'இன்னாருடைய மகன் இன்னார்' என்று வாசித்தே ஓய்வுபெற்றவன் நான். அதன்பின் சபை என்னையும் மனைவியையும் கடல் கடந்து அனுப்பி, ஒரு பிள்ளைகள் இல்லத்தை எங்கள் கையில் கொடுத்தது. வேனை ஓட்டவும் குழாய் மாற்றவும் என் மைத்துனன் கூட வந்தான். அந்த நாட்டுப் பாஷை அவன் வாயில்தான் முதலில் புரண்டது. எங்கள் மூவருக்கும் சம்பளம் கிடையாது.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இல்லம் என்றால் ஜெபமும் பாட்டும். உள்ளே இருப்பவர்களுக்கு அது துணி. விடிந்தால் நனைந்த மெத்தைகள், பால் கொட்டிய சட்டைகள், ஒற்றைக் காலுறைகள். மழை விடாத மாதங்களில் நடை முழுக்கக் கொடி கட்டி, ஈரத்துக்குள் குனிந்து குனிந்துதான் மற்றவர்கள் நடப்பார்கள். எனக்குக் குனியும் பழக்கம் இல்லை. கொடியைக் கையால் உயர்த்திவிட்டு நடப்பேன்.

எந்தத் துணி எந்தப் பிள்ளையுடையது என்ற சண்டை ஓயாது. மையில் எழுதினால் இரண்டாவது துவைப்பில் போய்விடும். அந்த ஊர் எழுத்து என் மனைவிக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. அதனால் சிவப்பு நூலில் கழுத்துப்பட்டையின் உட்புறம் ஆளுக்கொரு தமிழ் எழுத்தைத் தைத்தாள். பிள்ளைகள் பன்னிரண்டு, உயிரெழுத்தும் பன்னிரண்டு. சுவரில் பலகை அடித்து, அவரவர் உயரத்துக்கு ஆணி வைத்து, அதன் மேலும் அந்த எழுத்தைத் தீட்டினோம். உலர்ந்த துணியைப் பிரித்து மாட்டுவது மூத்தவளான 'ஊ'வின் வேலை. நாளடைவில் எழுத்தே அவர்களுக்குப் பெயராகிவிட்டது. மைத்துனன் சாப்பாட்டு அறை வாசலில் நின்று "ஓ" என்று கூப்பிட்டால் எல்லாத் தலையும் திரும்பும். 'ஔ'வை மட்டும் அவன், "இடம் அடைக்கிற பய, தள்ளி உக்காரு" என்பான்.

பதின்மூன்றாவதாக ஒரு பெண்குழந்தை வந்தது. சந்தைக் கூரையின் கீழ் கிடந்ததாகப் போலீஸ் கொண்டுவந்து விட்டார்கள். மூன்று வயது இருக்கும். பேச்சு இல்லை, கேட்டு வர ஆளும் இல்லை. உயிரெழுத்து தீர்ந்துபோயிருந்ததால் என் மனைவி அதற்கு ஆய்தம் தைத்தாள். உயிரோடும் சேராமல் மெய்யோடும் சேராமல் தனியாக நிற்கிற எழுத்து. மூன்று புள்ளி. பலகையின் கடைசியில், என் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே, அதற்கும் ஓர் ஆணி. எல்லோரும் புள்ளி என்று கூப்பிட்டோம்.

தூங்கும்போது புள்ளி கழுத்துப்பட்டையைத் திருப்பி அந்த மூன்று முடிச்சையும் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருக்கும். காலையில் ஷூவைத் தூக்கிக்கொண்டு என் நாற்காலிக்குத்தான் வரும். காலை நாற்காலிக் குறுக்குக் கட்டையில் வைத்து நிற்கும். நான் நாடாவைக் கட்டிவிடுவேன். அந்த வேலையை வேறு யார் செய்ய வந்தாலும் காலை இழுத்துக்கொள்ளும்.

நல்லது நாலு நாள் என்பார்கள். குழந்தைகள் நல அதிகாரியம்மாள் ஒரு நாள் வந்தார். சட்டம் மாறியிருந்தது. ஐந்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தை இனி தனியார் இல்லத்தில் இருக்கக் கூடாது, ஒரு குடும்பத்திலோ அரசாங்கத்தின் கையிலோதான் இருக்க வேண்டும். நீங்கள் இருவரும் புள்ளிக்கு உங்கள் பெயரைக் கொடுத்து மகளாக எடுத்துக்கொண்டால் இதே வீட்டில் இருக்கலாம், இல்லையென்றால் தூரத்து ஊரில் அரசாங்கக் குழந்தைகள் காப்பகம், அடுத்த வாரம் வண்டி வரும் என்றார். மைத்துனன் சொல்லுக்குச் சொல் தமிழில் சொன்னான். சொல்லி முடித்து, "பெயர்தான் அத்தான் கேக்குறாங்க, பணம் இல்ல" என்று தன் பங்குக்கும் ஒன்று சேர்த்தான்.

மனைவி என்னிடம் ஒரே ஒரு முறை கேட்டாள். அண்ணனைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். போனில் அண்ணன் அதிகம் பேசவில்லை.

"அந்த எழுத்து என்ன உன் சொத்தாடா? நீயும் நானும் காவக்காரங்க. யார் பெத்ததுன்னு தெரியாததுக்குத் தூக்கிக் குடுத்துட்டு, இங்க ஊர்ல உன் பொண்ணுக்குப் பேசிட்டிருக்கிற சம்பந்தத்துக்கு என்ன பதில் சொல்லுவ?"

அவர் சொன்னதில் பிழை இல்லை. பசித்தவனுக்குச் சோறு போடலாம். படுக்க இடம் கொடுக்கலாம். அவையெல்லாம் என்னுடையவை. எழுத்து எனக்கு முன்னால் இருந்தவர்களுக்கும் எனக்குப் பின்னால் வருகிறவர்களுக்கும் சொந்தம். முடியாது என்று மனைவியிடம் சொன்னேன். அவள் தலையை ஆட்டிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

மறுநாள் நடையில் கொடியை உயர்த்தியபோது புள்ளியின் நீலக் கவுன் கைக்கு வந்தது. கழுத்துப்பட்டையில் மூன்று புள்ளிக்கு முன்னால் புதிதாக ஓர் எழுத்து. 'ஞா'. பக்கத்தில் இனிஷியலுக்கு உரிய ஒற்றைப் புள்ளிகூட விட்டுப்போகவில்லை.

துவைக்கும் அறைக்குக் கொண்டுபோய் அவள் முன்னால் நீட்டினேன்.

"இது என்ன?"

"இனிஷியல்."

"யாரக் கேட்டுத் தச்ச?"

"கேட்டா குடுத்திருப்பீங்களா?"

தொட்டி அடைப்பை எடுத்துக்கொண்டிருந்த மைத்துனன் தலையைத் தூக்கினான். "ஒரு எழுத்துல அப்படி என்ன அத்தான், துவச்சா சாயம் போயிடுமா?"

"நீ உன் வேலையப் பாரு."

"பாத்துட்டுத்தானே இருக்கேன். தினம் காலைல இந்தப் பிள்ளைங்கள வரிசையா நிக்க வச்சு 'பிதாவே'ன்னு கூப்பிடச் சொல்றோம். அங்க யாரும் நம்மகிட்ட இனிஷியல் கேக்கல."

"பிரிச்சிடு" என்று மனைவியிடம் சொன்னேன்.

அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு சிறிய கத்தரிக்கோலை எடுத்தாள். ஒவ்வொரு தையலாக வெட்டி நூலை இழுத்தாள். முடித்ததும் கவுனை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாள். நூல் போய்விட்டது. ஊசி போன வழியெல்லாம் துளைகள் நின்றன, பிரித்த எழுத்தின் வடிவத்திலேயே.

"நூலத்தாங்க பிரிக்க முடியும்" என்றாள்.

வண்டி மழையில் வந்தது. புள்ளி வழக்கம்போல ஷூவைத் தூக்கிக்கொண்டு என் நாற்காலிக்கு வந்து காலை வைத்தது. நீளப் பயணம் என்பதால் இரட்டை முடிச்சாகப் போட்டேன். அதிகாரியம்மாள் தூக்கியபோது அழவில்லை. கை பின்கழுத்துக்குப் போய்ப் பட்டையைத் தேடியது. வண்டிக் கண்ணாடி ஏறும்வரை கை அங்கேயே இருந்தது.

கொஞ்ச நாளில் அதே வண்டியில் ஒரு மூட்டை திரும்பி வந்தது. அந்தக் காப்பகத்தில் எல்லாக் குழந்தைக்கும் ஒரே சீருடையாம். வெளித் துணி வைத்துக்கொள்வதில்லையாம். குழந்தை சாப்பிடுகிறதா என்று மைத்துனன் டிரைவரைக் கேட்டான். அது தன் வேலை இல்லை என்றான் டிரைவர். மனைவி மூட்டையைப் பிரித்துத் துவைத்தாள். நீலக் கவுனின் பட்டையிலிருந்து ஆய்தத்தையும் பிரித்து, அந்த நூலை வீணாக்காமல் விரலில் சுற்றி வைத்துக்கொண்டாள். கவுன் துணிப் பெட்டிக்குப் போனது. பலகையில் கடைசி ஆணி காலியாக இருந்தது. அதைப் பிடுங்கிவிடலாம் என்று மைத்துனனிடம் சொன்னேன். சுத்தியல் எங்கேயோ வைத்துவிட்டதாகச் சொன்னான். சுத்தியல் வேனில்தான் கிடந்தது, நான் பார்த்தேன்.

சபை ஆராதனைக்கு என்று எனக்கு ஒரு புது வெள்ளைச் சட்டை வந்தது. துவைக்கப் போனது, திரும்பவில்லை. ஞாயிறு காலை என் அறையில் தேடினேன். கொடியிலும் இல்லை. மனைவியைக் கேட்டேன். "'ஊ'தான் மாட்டினா, அவளக் கேளுங்க" என்றபடி ரொட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

'ஊ' பலகையைக் காட்டினாள். கடைசி ஆணியில் என் சட்டை தொங்கியது. ஆணி தாழ்வாக இருந்ததால் கைகள் இரண்டும் தரையில் கிடந்தன. யார் இதை இங்கே மாட்டச் சொன்னது என்று அதட்டினேன். அந்தப் பெண் பயந்துபோய்ப் பட்டையைத் திருப்பிக் காட்டினாள்.

"எழுத்து அப்படித்தானே இருக்கு, ஐயா."

பழைய சிவப்பு நூல். மூன்று புள்ளி.

மணி அடித்துவிட்டார்கள். உள்ளே பிள்ளைகள் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். நான் குனிந்து என் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டேன்.