மிலாற்றுக் கட்டு

கவ்வாத்து வெட்டிய மலையில் விழுந்து கிடக்கும் தேயிலைக் கொப்புகளுக்கு மிலாறு என்று பெயர். மடுல்சீமைப் பக்கத்து அந்தத் தோட்டத்தில் மிலாறு பொறுக்கியவருக்கே சொந்தம். தோட்டத்தை நடத்த வந்த எந்தத் துரையும் அதை எழுதிக் கொடுத்ததில்லை, எந்தத் துரையும் கேள்வி கேட்டதுமில்லை. தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்து அடுப்பெல்லாம் அதில்தான் எரிந்தது. கேஸ் சிலிண்டருக்கு ஆசைப்பட்டவர்கள்கூட விலையைக் கேட்டுவிட்டு மலைக்கே ஏறினார்கள்.

அங்கே கொழுந்து பறிக்கும் கருப்பம்மாவின் மகள் ஜெயந்தினிக்கு இது தெரியாதா? அந்தப் புகையில் கண் கரிக்கக் கரிக்கப் படித்துத்தானே இரசாயனத்தில் பட்டம் வாங்கி, பதுளையில் ஒரு கம்பெனி ஆய்வுகூடத்தில் சேர்ந்தாள். அங்கே சவுக்கு மரத்தூளைக் காரநீரில் போட்டு, செம்பு உப்பை வினையூக்கியாகச் சேர்த்து, அழுத்தக் கலனில் சூடாக்கினார்கள். மரத்தை இறுக்கிப் பிடித்திருக்கிற பொருளை உடைத்து அதிலிருந்து வனிலா வாசனைச் சரக்கை எடுக்க வேண்டும். எட்டு மாதமாக வந்ததெல்லாம் கறுப்புக் குழம்புதான். பொறுப்பாளர் ரஜீவ் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தார்.

தேயிலைக் கட்டையைப் போட்டுப் பார்க்கலாமே என்று வாயைக் கொடுத்தவள் ஜெயந்தினிதான். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தான் ஆண்டி என்பது இதைத்தான்.

கருப்பம்மா முற்றின மிலாறாகப் பார்த்துப் பொறுக்கி, அடுப்புக்கு மேலே பரணில் காயவைத்து, பழைய சேலைக் கிழிசலால் கட்டி பஸ்ஸில் ஏற்றி விட்டாள். மூன்றாம் தடவை கலனைத் திறந்தபோது கூடமே பேக்கரியாக மணத்தது. ஜெயந்தினி ஒரு சின்னக் குப்பியில் கொஞ்சம் வீட்டுக்குக் கொண்டுபோனாள். கருப்பம்மாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. லயத்தின் எட்டுக் காம்பராவுக்கும் எடுத்துப்போய் எல்லார் மூக்கிலும் நீட்டினாள்.

பிறகு ரஜீவ் ஒரு படிவத்தைக் கொடுத்தார். மூலப்பொருள் யாருடையது, இப்போது அதனால் யாருக்கு என்ன பயன் என்று இரண்டு கட்டங்கள். அம்மா அடுப்பெரிக்கிற விறகு என்று எழுதியிருந்தால் கதை அங்கேயே நின்றிருக்கும். ஆனால் கை வரவில்லை. பக்கத்து மேசையில் இருந்தவர்கள் டொக்டர் வீட்டுப் பிள்ளைகள். வெட்கம், வேறொன்றுமில்லை. சொந்தக்காரர் இல்லை என்று முதல் கட்டத்தில் எழுதினாள். யாரும் பயன்படுத்துவதில்லை, கழிவு என்று அடுத்ததில் எழுதிக் கையெழுத்தும் போட்டாள்.

அடுத்த கவ்வாத்தில் மலையடியில் வாச்சர் காவல் நின்றான். மிலாறு கம்பெனிக்கு விற்றாகிவிட்டது, ஒரு குச்சி எடுத்தாலும் களவு என்றான். தலைச்சுமையைக் கீழே போட்டுவிட்டுப் பெண்கள் தோட்ட ஆபீசுக்குப் போனார்கள். லீவில் வந்திருந்த மகளையும் கருப்பம்மா இழுத்துக்கொண்டு போனாள். படித்தவள், நியாயம் கேட்பாள் என்று நம்பித்தான்.

துரை கோபப்படவே இல்லை. கம்பெனி அனுப்பிய அந்த இங்கிலீஷ் படிவத்தை எடுத்து ஜெயந்தினியிடமே மரியாதையாக நீட்டி, இவர்களுக்குத் தமிழில் வாசித்துக் காட்டச் சொன்னார். அவளுக்கு மாற்றி வாசிக்கலாமா என்றுகூடத் தோன்றியது. துரைக்கும் தமிழ் தெரியும். வாசித்தாள்.

கருப்பம்மா தாளின் அடியில் விரலை வைத்தாள். அந்தக் கையெழுத்து அவளுக்குத் தெரியும்.

"யாரும் பாவிக்கிறதில்லைன்னு நீயா எழுதுன?"

"ஆமாம்மா."

"அப்ப நீ குடிச்ச கஞ்சி எதுல கொதிச்சிச்சி?"

ஜெயந்தினி அன்றைக்கே பதுளைக்கு பஸ் ஏறினாள்.

திங்கட்கிழமை காலைப் பெரட்டில் கங்காணி பெயர் வாசித்து வேலை பிரித்தபோது, கருப்பம்மாவுக்கு மிலாறு கட்டி லொறியில் ஏற்றுகிற வேலை விழுந்தது. மறுநாள் அந்த லொறி ஆய்வுகூட வாசலுக்கு வந்தது. சரக்கை எண்ணிப் பொறுப்பெடுக்க ஜெயந்தினியைத்தான் அனுப்பினார்கள். மற்றக் கட்டுகளெல்லாம் தோட்டத்துச் சணல் கயிற்றில் இருந்தன. ஒன்று மட்டும் சேலைக் கிழிசலால் கட்டியிருந்தது. அம்மா அடுப்புக்குக் கட்டுகிற அதே முடிச்சு.

டிரைவர் சரக்குச் சீட்டை நீட்டினான். அவள் கையெழுத்துப் போட்டாள்.