ஞாயிற்றுக்கிழமை வீசிய பந்துகள்

எங்கள் ஊர்ச் சிறுவர் பேஸ்பால் அணிக்கு மார்லா ஹென்ட்ரிக்சன்தான் கோச். என்னோடு பள்ளியில் படித்தவள். பகலில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறாள், சாயங்காலம் பன்னிரண்டு வயதுப் பையன்கள் பதின்மூன்று பேரைக் கட்டி மேய்க்கிறாள். அவளிடம் ஒரு வழக்கம் உண்டு. ஆட்டத்துக்கு முன்னால், பந்து வீசப்போகிற பையனைக் கூப்பிட்டு, "இந்த வாரம் எத்தனை பந்து வீசின?" என்று கேட்பாள். பையன்தான் பதில் சொல்ல வேண்டும். பெற்றோர் வாயைத் திறக்கக் கூடாது.

மாவட்ட இறுதி ஆட்டத்தன்று நான் திறந்தேன்.

என் பையன் ரோரி முந்தின ஞாயிறு பக்கத்து ஊர் கிளப்புக்காக எழுபத்தெட்டு பந்து வீசியிருந்தான். அன்று செவ்வாய். அந்த வயது முழங்கைக்கு நாலு நாளாவது ஓய்வு வேண்டும் என்பது எனக்குத் தெரியாதா என்ன? ஆனால் கிளப்பில் வீசியதை எங்கள் லீக்கில் யாரும் கேட்பதில்லை, மார்லாவைத் தவிர. அவனை விட்டால் ஜெயிக்க ஆளில்லை. கோப்பை ஆசை கண்ணை மறைத்துவிட்டது.

"ஞாயித்துக்கிழமை பூரா ஏரியில மீன் பிடிச்சுக்கிட்டிருந்தான் கோச். கை புத்தம்புதுசா இருக்கு."

"உன்னையா கேட்டேன், கர்ட்?"

ரோரி என்னைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான். "ஆமா கோச்" என்றான்.

முதல் இன்னிங்ஸில் மூன்று பேரை வரிசையாக வெளியே அனுப்பினான். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அடுத்த இன்னிங்ஸுக்கு இறங்கும் முன் அவன் மார்லாவிடம் போய் ஏதோ சொன்னான். அவள் குனிந்து கேட்டாள். முழங்கையை அழுத்திப் பார்த்தாள். அவனை பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு வேறொரு பையனை வீச அனுப்பினாள்.

பெற்றோர் கூட்டம் கொதித்தது. டுவைட் என்று ஒருவன், உடம்பில் தொண்டை மட்டும் ஒழுங்காக வேலை செய்கிற ஆள், எழுந்து நின்றான். "மார்லா! புத்தி கெட்டுப்போச்சா உனக்கு? பஸ்ஸ ஓட்டுறதோட நிறுத்திக்க!"

நான் வேலியோரம் ஓடினேன். சண்டை போடத்தான் ஓடினேன், என் குணம் அப்படி. அவள் வேலிக்குப் பக்கத்தில் வந்து மெதுவாகப் பேசினாள்.

"எழுபத்தெட்டுன்னு சொல்லிட்டான். வலிக்குதாம். நீ போய் உக்காரு. நானா எடுத்த முடிவுன்னே இருக்கட்டும்."

போய் உட்கார்ந்தேன்.

ஒன்பதுக்கு இரண்டு என்று தோற்றோம். கடைசி வரை ரோரி பெஞ்சில் இருந்தபடி, பந்து வீசிய பையனுக்காகக் கத்திக்கொண்டே இருந்தான்.

ஆட்டம் முடிந்து, ஹாட் டாக் விற்கிற கடையருகே டுவைட் ஆள் சேர்த்தான். "அடுத்த வருஷம் இவ வேண்டாம். இன்னைக்கே லீக்குக்கு எழுதறேன். யார் யாரு கையெழுத்துப் போடுறீங்க?"

ஏழெட்டுப் பேர் தலையாட்டினார்கள். மார்லா பத்தடி தள்ளி மட்டைகளைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். எல்லாம் அவள் காதில் விழுந்தது. என் பெயரை ஒரு தடவை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. ரோரி என்னையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"நான் பொய் சொன்னேன்" என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. "டேய் டுவைட், நான்தான்டா பொய் சொன்னேன்! ஞாயித்துக்கிழமை அவன் எழுபத்தெட்டு பந்து வீசினான். கோச் மேல ஒரு தப்பும் இல்ல."

டுவைட்டின் மனைவி அவன் பக்கம் திரும்பினாள். "அப்படியே நம்ம பய அன்னைக்குக் கிளப்புல வீசினதையும் சொல்லிடு."

"நாப்பதுதான்" என்று முனகினான் டுவைட். கையெழுத்துப் பேச்சு அதோடு போயிற்று.

நான் மார்லாவிடம் போனேன். "ரொம்ப நன்றி கோச். அவன் கையைக் காப்பாத்திட்ட."

"நான் எங்க காப்பாத்தினேன்? உன் பேச்சை நம்பி ஒரு இன்னிங்ஸ் வீச விட்டேன். வந்து சொன்னது அவன்" என்றபடி பையின் வாயை இழுத்துக் கட்டினாள்.

மனது நிறைந்து வழிந்தது. இவள் கையில் என் பிள்ளை மூன்று வருடம் வளர்ந்திருக்கிறான். ரோரி முன்னால் போய் நின்றேன். பெற்ற பிள்ளையிடம் அதுவரை சொல்லாததைச் சொன்னேன். "நன்றிடா."

"கோவமில்லையாப்பா?"

"உன்மேலயா?"

"நீ பொய் சொன்னன்னு ஆயிடுமேன்னுதான் முதல்லயே சொல்லல" என்றவன் அழ ஆரம்பித்தான்.

அவன் வலது கையைப் பிடிக்கப் போனேன். வலிக்கும் என்று நினைவு வந்து இடது கையைப் பிடித்துக்கொண்டேன்.