இடது கண்ணாடியின் கீழ் ஓரம்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகல், அக்கா வீட்டுக் கூடத்தில் நின்றுகொண்டு குழாய் ரிப்பேர்காரரோடு போனில் பேசினேன். இரண்டு நிமிடம் பேசியிருப்பேன். கதை அவ்வளவுதான். மற்றதெல்லாம் அதைச் சொல்லாமல் தப்பிக்க நான் செய்த முயற்சிகள்.

முதல் முயற்சி இப்படித் தொடங்கியது:

“இறந்துபோன மனைவியின் கைக்குட்டையை அந்த பஸ் டிரைவர் எப்போதும் சட்டைப் பையில்தான் வைத்திருப்பார். அன்று முகத்தைத் துடைக்க எதையோ எடுத்தபோது”

இங்கே நிறுத்திவிட்டேன். கைக்குட்டை தொலைந்தால் யாராவது எடுத்துக் கொடுக்கலாம். நீங்கள் கடைசி வரி வரைக்கும் அந்த நம்பிக்கையோடு வருவீர்கள். நான் தொலைத்ததை யாராலும் எடுத்துக் கொடுக்க முடியாது. டிரைவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டேன்.

2

அக்கா ஒரு பரிசோதனைக்கூடத்தில் கண்ணாடிக் குடுவைகளைக் கழுவுகிறாள். கழுவியதை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்ப்பாள். கடுகளவு கறை தெரிந்தாலும் திரும்பக் கழுவுவாள். பதினோரு வருடமாக இதுதான் வேலை.

(அத்தானை இந்தக் கதையில் தேட வேண்டாம். அவர் வேறு ஊரில், வேறு குடும்பத்தோடு இருக்கிறார். அவரைப் பற்றி ஒரு பத்தி எழுதினேன். வசவாக வந்தது, அடித்துவிட்டேன்.)

அக்காவுக்கு ஒரே மகள். முன்பல் ஒன்று உடைந்ததிலிருந்து எல்லோரும் அவளைச் சில்லு என்றுதான் கூப்பிட்டோம். எட்டு வயது, தடித்த மூக்குக் கண்ணாடி. அது எப்போதும் மூக்கில் சறுக்கும். மற்றவர்கள் நடுவில் விரல் வைத்து ஏற்றுவார்கள். இவள் கட்டை விரலை நேரே கண்ணாடியிலேயே வைத்து ஏற்றுவாள்.

தொண்டையில் சதை வளர்ந்திருந்தது. சின்ன ஆபரேஷன், மறுநாள் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். உள்ளே கொண்டுபோகும் முன் நர்ஸ் கண்ணாடியைக் கழற்றச் சொன்னார். இடது கண்ணாடியின் கீழ் ஓரத்தில், முகத்துக்குத் தடவிய கிரீமோடு, ஒரு குட்டிக் கட்டை விரல் ரேகை.

“என்னடி இது, துடைச்சுப் போட மாட்டியா?” என்றாள் அக்கா.

“வந்து துடைச்சுக்கறேம்மா.”

மயக்கத்திலிருந்து அவள் எழுந்திருக்கவில்லை. லட்சத்தில் ஒருவருக்கு இப்படி ஆகும், யார் மேலும் தப்பில்லை என்றார்கள்.

அக்கா அந்தக் கண்ணாடியைக் கூடத்து அலமாரியில், கண் மட்டத்தில் வைத்தாள். உடுப்புகளைக் கொடுத்துவிட்டாள், பள்ளிப் பையைக் கொடுத்துவிட்டாள். இதை மட்டும் யாரும் தொடக் கூடாது. தினமும் வேலைக்குக் கிளம்பும்போது அதன் முன்னால் கொஞ்ச நேரம் நிற்பாள். உலகத்தில் அவள் துடைக்காமல் விட்ட கண்ணாடி அது ஒன்றுதான்.

3

(இந்தப் பகுதியை ஒன்பது முறை எழுதிவிட்டேன். ஒவ்வொரு முறையும் போனில் பேசியவனைக் கொஞ்சம் நல்லவனாக்கிவிடுகிறேன். ஒரு முறை அவனுக்குக் காய்ச்சல்கூடக் கொடுத்தேன். அவனுக்குக் காய்ச்சல் எதுவும் இல்லை.)

சில்லு போய் ஐந்து மாதம். அக்கா வேலைக்குப் போயிருந்தாள். சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டே இருந்ததால், ரிப்பேர்காரர் வரும்போது யாராவது இருக்கட்டும் என்று என்னை வரச் சொல்லியிருந்தாள். நானும் கண்ணாடி போடுகிறவன். போனில் பேசும்போது அதைக் கழற்றி, ஊதி, சட்டை நுனியால் துடைத்துக்கொண்டே நடப்பது என் பழக்கம். அன்று என் கண்ணாடி நெற்றிக்கு மேல் ஏறியிருந்தது.

“வாஷர் மாத்தினா போதுமாண்ணே?”

“பாத்தாதான் சார் சொல்ல முடியும். வீட்ல ஆள் இருக்கீங்களா?”

“இருக்கேன், இருக்கேன்.”

இரண்டாவது ‘இருக்கேன்’ சொல்லும்போதுதான் என் கையில் இருப்பது என்னவென்று பார்த்தேன். ஊதியாகிவிட்டது. இரண்டு பக்கமும் தேய்த்தாகிவிட்டது. வெளிச்சத்தில் அது பளிச்சென்று இருந்தது. அந்த நிமிடம் எனக்கு

இல்லை. அந்த வாக்கியம் அப்படியே கிடக்கட்டும்.

4

அடுத்து நான் செய்ததை மட்டும் ஒரே மூச்சில் எழுத முடிந்தது. கட்டை விரலை என் மூக்கோரத்தில் தேய்த்தேன். அதே இடத்தில் வைத்து அழுத்தினேன். பெரிதாக விழுந்தது. துடைத்தேன். இந்த முறை விரல் நுனியை மட்டும் வைத்தேன். சரியாக வந்தது. அலமாரியில் இருந்தபடியே வைத்தேன். ரிப்பேர்காரர் வந்தார், வாஷர் மாற்றினார். குடிக்கத் தண்ணீர் கொடுத்து, இப்போதெல்லாம் வாஷர்கள் சீக்கிரம் தேய்ந்துவிடுவதைப் பற்றி அவரோடு பேசிக்கொண்டிருந்தேன். எனக்கு நம்ப முடியாத பாத்திரம், நான் என்கிற இவன்தான். ஆனால் பேசினான்.

சாயங்காலம் அக்கா வந்தாள். “சொட்டறது நின்னுடுச்சா?”

“நின்னுடுச்சுக்கா.”

ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்பீர்கள். வாயைத் திறந்தேன். அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் அலமாரிப் பக்கம் போனாள். பார்த்தாள். முகம் லேசாகத் தளர்ந்தது, தினமும் தளர்வது போலவே. வாயை மூடிக்கொண்டேன்.

5

சில்லுவின் வருட நாளன்று அக்காவும் நானும் மட்டும் இருந்தோம். சாப்பிட்டு முடித்துக் கை கழுவி, நன்றாகத் துடைத்துக்கொண்டு, அக்கா கண்ணாடியை எடுத்தாள். அதை அவள் தொட்டு நான் பார்த்ததில்லை. பிரேமை மட்டும் பிடித்து ஜன்னலருகே கொண்டுபோனாள். அந்த ரேகைக்கு ஒரு விரற்கடை தள்ளி, முத்தமிடுவது போல் உதட்டைக் குவித்தாள், அழிந்துவிடாதபடி. பிறகு என்னைக் கூப்பிட்டுக் கையில் கொடுத்தாள்.

“நீயும் பாரு.”

பார்த்தேன். ரேகைக்கு நடுவே குறுக்காக ஒரு வெள்ளைக் கோடு ஓடியது.

இதை முன்பே சொல்லியிருக்க வேண்டும். உங்களிடம் மறைத்துவிட்டேன். என் வலது கட்டை விரல் நுனியில் ஒரு தழும்பு உண்டு. ஆறு வயதில் கதவிடுக்கில் நசுங்கியது. கதவைச் சாத்தியது அக்கா. இரண்டு வாரம் தினமும் மருந்து போட்டுக் கட்டியதும் அக்காதான். அந்தத் தழும்பை என்னைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும்.

“அப்படியே இருக்குல்லடா?” என்றாள். என் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டாள்.

“ஆமாக்கா.”

கண்ணாடியை வாங்கி அலமாரியில் வைத்தாள். தட்டுகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.

அவளுக்குத் தெரியும் என்று ஒரு முடிவு எழுதினேன். அப்படியானால் அவள் மகளை இரண்டாவது முறையும் இழந்து, தம்பி தாங்க மாட்டான் என்று ஏழு மாதமாகத் தினமும் காலையில் என் விரலுக்கு முன்னால் நின்றிருக்கிறாள். தெரியாது என்று இன்னொன்று எழுதினேன். அப்படியானால் இனி அவள் இருக்கும்வரை நிற்பாள்.

இரண்டையும் கிழித்துவிட்டேன். ஒன்றை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். எது என்று என்னிடம் சொல்ல வேண்டாம்.