பஞ்சம்மாள் தெருவில் படுத்தாள்

தெருமுனையிலேயே வெள்ளைத்தாய்க்குக் காது சூடேறிவிட்டது. பஞ்சம்மாளின் இருமல் அதுவரைக்கும் கேட்டது. இருமலோடு ராட்டை சுற்றும் சத்தமும் கேட்டது. இரண்டும் ஒரே வீட்டிலிருந்துதான் வந்தன, அவள் நடையை எட்டிப்போட்டாள்.

வெள்ளைத்தாய் பக்கத்துப் பரளச்சி ஊர்க்காரி. தனக்கு வந்த இளைப்பைப் போக்கிக்கொள்ள ஒரு பண்டாரத்திடம் ஆசனமும் மூச்சுப் பழக்கமும் படித்தவள், பிறகு அதையே பிழைப்பாக்கிக்கொண்டாள். அருப்புக்கோட்டை நெசவாளர் தெருக்களில் சீக்காய்க் கிடக்கிற பெண்களிடம் போவாள். முதுகுக்கு முட்டுக்கொடுத்து உட்காரவைத்து, வராத கையை வருகிற மட்டும் தூக்கச்சொல்லி, மூச்சை மெல்ல விடப் பழக்குவாள். மூச்சுக்காரி என்று பெயரே வந்துவிட்டது.

பஞ்சம்மாளுக்குக் காலமெல்லாம் தின்ற பஞ்சுத்தூசி நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்தது. மாசியில் வெள்ளைத்தாய் முதன்முதலாகப் பார்க்கும்போது சுவரில் சாய்ந்தபடியேதான் தூங்கினாள். படுத்தால் மூச்சு முட்டும். மெத்தைபோல் துணியை அடுக்கி, நாளுக்கு நாள் அடுக்கைக் குறைத்து, சித்திரைக்குள் அந்த மனுஷியைத் தரையில் மல்லாக்கப் படுக்கவைத்துவிட்டாள் வெள்ளைத்தாய். அந்தப் படுக்கைக்கு எத்தனை பாடு என்று அவளுக்குத்தான் தெரியும்.

உள்ளே போனால், பஞ்சம்மாள் ராட்டையின்மேல் கவிழ்ந்து இருமிக்கொண்டிருந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. மகன் திம்மையா பாவு நூலுக்குத் தடவும் கஞ்சியைச் சட்டியில் கிண்டிக்கொண்டிருந்தான்.

வெள்ளைத்தாய் ராட்டையைக் கையால் பிடித்து நிறுத்தினாள். "ஏப்பா திம்மையா, இவுகள யாரு இதுல உக்கார வச்சது?"

"நாந்தாங்க்கா. அதான் நல்லாயிட்டாகல்ல? நேத்து மல்லாக்கப் படுத்துக் கொறட்டை விட்டாக. யுத்தம் வந்ததுலருந்து நூலக் கண்ணாலயே காணோம், இப்பத்தான் வந்துருக்கு. தறிக்குப் போட நூலத் தாராச் சுத்த ஆளு வேணும்ல?"

"நான் மூச்ச மீட்டுக் குடுத்தது ஒந் தாருக்காடா?"

"விடு தாயி," என்றாள் பஞ்சம்மாள் மூச்சுக்கு நடுவில். "கை சும்மாதான கெடக்கு..." மிச்சத்தை இருமல் தின்றுவிட்டது.

வெள்ளைத்தாய் அவளை அணைத்துப் பிடித்து, உதட்டைக் குவித்து ஊதச்சொன்னாள். ஊதி ஊதிக் கொஞ்சம் அடங்கியது. இனிக் கை காலை அகட்டிப் படுத்து, உடம்பைத் தளரவிட வேண்டும். பாயை விரித்தாள்.

திம்மையா குறுக்கே வந்தான். "அக்கா, அது மட்டும் வேணாம். இன்னைக்குப் பாவு நீட்டுற நாளு. பொணம் மாதிரி வீட்டுக்குள்ள படுக்கப்படாது. அதுக்குப் பேரே சவாசனமாமுல்ல, எங்க தெரு வீரபத்திரன் மாமா சொன்னாரு."

"உக்காந்து சாகலாம், படுத்துப் பொழைக்கப்படாது. அப்படித்தான?"

"எங்க வழக்கம் ஒங்களுக்குத் தெரியாதுக்கா."

"வீட்டுக்குள்ளதான படுக்கப்படாது?" வெள்ளைத்தாய் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். "வாங்க பஞ்சம்மாக்கா."

தறியில் ஏற்றப்போகும் திம்மையாவின் பாவு நூல் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டியிருந்தது. வீரபத்திரனும் இன்னும் நாலைந்து பேரும் கஞ்சி தடவி முடித்து, இழைகளைத் தேய்த்துப் பிரிக்கிற குஞ்சத்தைக் கையில் எடுத்திருந்தார்கள். ஈரம் இருக்கும்போதே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். விட்டால் இழையோடு இழை ஒட்டி, பாவே வீணாய்ப் போகும். சித்திரை வெயிலோ ஏறிக்கொண்டிருந்தது.

அவர்கள் நடக்கிற தடத்தின் குறுக்கே வெள்ளைத்தாய் பாயை விரித்தாள். பஞ்சம்மாள் ஒரு நிமிஷம் மகனைப் பார்த்தாள், பாயைப் பார்த்தாள். பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, தெருவில் மல்லாக்கப் படுத்தாள். கண்ணையும் மூடிக்கொண்டாள்.

குஞ்சத்தோடு நின்ற திம்மையா வீட்டில் பேசும் கன்னடத்தில் கத்தினான்.

"தமிழ்லயே சொல்லுடா," என்றாள் பஞ்சம்மாள் கண்ணைத் திறக்காமல். "தாயிக்கும் கேக்கட்டும்."

"எந்திரிம்மா! பாவு காயுது!"

"காயட்டும். இவுக நெஞ்சு காஞ்சப்ப நீ பாத்துக்கிட்டுத்தான இருந்த?" வெள்ளைத்தாய் பாயைவிட்டு ஓர் எட்டு விலகி நின்றாள். "அவசரமுன்னா தாண்டிப் போ. பெத்தவ நெஞ்சத் தாண்டி அந்தப் பக்கம் போயித் தேய்யி. நான் தடுக்கல. தாண்டுறா!"

படுத்திருக்கிற தாயைத் தாண்டுகிற கால் எந்தத் தெருவில் இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள். குஞ்சத்தோடு வந்த ஆட்களும் அப்படியே நின்றார்கள்.

"தூக்கி ஓரமா வைங்கடா," என்றார் வீரபத்திரன்.

"தொட்டுப் பாருங்க மாமா," என்றாள் வெள்ளைத்தாய். "இப்பத்தான் மூச்சு எறங்குது. தூக்குற தூக்குல நின்னு போச்சுன்னா ஒங்க வீட்டு வாசல்லதான் கெடத்துவேன்."

கைகள் பின்வாங்கின. பாவின் கீழ்க்கோடி வெள்ளை வெளேரென்று விறைக்கத் தொடங்கியது. திம்மையா ஓடிப்போய் அதைத் தொட்டுப் பார்த்தான். அழுகிற மாதிரி திரும்பி வந்தான்.

"என்னதாங்க்கா செய்யணும்?"

"இவுக இனி ராட்டையத் தொடப்படாது."

"அப்ப தார யாரு சுத்துவா? எம் பொண்டாட்டி பிள்ளை பெறப் போயிருக்காளே!"

"ஒனக்குக் கையி இல்லையா?"

தெரு சிரித்தது. அந்தத் தெருவில் தார் சுற்றுவது பெண்கள் வேலை. "ஏலே திம்மையா, வளையலும் வாங்கிப் போட்டுக்க!" என்றார் வீரபத்திரன்.

"சிரிங்க மாமா. ஒங்க வீட்டு அத்தை இருமுறதும் முனை வரைக்குந்தான் கேக்குது. நாளைக்கு ஒங்க வாசல்ல பாய் விரிப்பேன்."

வீரபத்திரன் சிரிப்பை விழுங்கிக்கொண்டார்.

திம்மையா குஞ்சத்தைக் கீழே எறிந்தான். விறுவிறுவென்று உள்ளே போனான். ராட்டையைத் தூக்கிவந்து, தெரு பார்க்க வாசல்படியில் உட்கார்ந்தான். முதல் சுற்றிலேயே நூல் அறுந்தது. முடிபோட்டான். மறுபடி அறுந்தது. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

"நாந்தான் சுத்துவேன்," என்றான், தலையைத் தூக்காமல்.

"சத்தமாச் சொல்லு."

"நாந்தான் சுத்துவேன்! போதுமா?"

பஞ்சம்மாளின் வயிறு மெல்ல ஏறியது, மெல்ல இறங்கியது. உதட்டில் நிறம் திரும்பிக்கொண்டிருந்தது.

"எந்திரிக்கவா தாயி? பாவு பாவம், கெட்டுப் போகுமே..."

வெள்ளைத்தாய் தலைமாட்டில் வெயிலை மறைத்து நின்றுகொண்டாள்.

"பேசாமப் படுங்க. நாஞ் சொல்லுறப்ப எந்திரிச்சாப் போதும்."