வலது இறக்கைக்கு நின்றவன்

என் மச்சானின் இருபத்திரண்டு வருட நல்ல பெயரை நான் ஒரு கப் காபிக்குக் கொடுத்துவிட்டேன். இயந்திரக் காபி, காகிதக் கப், மூடிகூடக் கிடையாது. நான் பாத்திரக்கடைக்காரர் மகன். குண்டான் கேட்டு வந்தவரிடம் கரண்டியையும் சேர்த்துத் தள்ளிவிடும் கடையில் வளர்ந்தவன். இத்தனை மட்டமான வியாபாரத்தை எங்கள் தெருவில் எவனும் செய்ததில்லை.

மச்சான் என்றால் அக்காவின் கணவர். விமானத்தை அது நிற்கும் இடத்திலிருந்து பின்னால் தள்ளிவிடும் வண்டியை ஓட்டுகிறவர். விமானத்தின் மூக்குக்கடியில் இருந்து தள்ளுகிறவருக்கு இறக்கை நுனி சரியாகத் தெரியாது. அதனால் இறக்கைக்கு ஓர் ஆள், கைக்கு ஓர் ஆரஞ்சுக் குச்சி என்று கூடவே நடப்போம். குச்சியை உயர்த்தினால் 'வா'. குறுக்கே வைத்தால் 'நில்'. நான் வலது இறக்கை. அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததும் மச்சான்தான்.

அன்று மத்தியானம் புறப்பாடு தாமதம். கட்டுப்பாட்டு அறையின் அனுமதிக்காக விமானி காத்திருந்தார். சிமென்ட் தரை அடுப்பாகக் காய்ந்தது. நான் குச்சிகள் இரண்டையும் வண்டியில் மச்சானுக்குப் பக்கத்து சீட்டில் போட்டேன்.

"எங்க மாப்ள கிளம்பிட்ட?"

"கண்ணு சொக்குது மச்சான். ஒரு காபி பிடிச்சிட்டு வந்துடறேன். உங்களுக்கும் ஒண்ணு."

"அதுக்குள்ள அனுமதி வந்துட்டா?"

"தள்ளுங்க. வலது பக்கம் மைதானமா கெடக்கு. நாலு யானைய விட்டு மேய்க்கலாம்."

சொன்ன நேரத்தில் அது உண்மைதான். பால் பாக்கெட் மாதிரி உண்மைக்கும் தேதி அச்சடித்திருந்தால் நன்றாக இருக்கும். என்னுடையது நாலே நிமிஷத்தில் கெட்டுப்போனது. இறங்கி ஊர்ந்து வந்த இன்னொரு விமானம் பக்கத்து நிறுத்தத்தில் பாதி நுழைந்தது. வழிகாட்டும் ஆள் வராததால் அப்படியே நின்றுவிட்டது. அதன் வால் எங்கள் வழியில் நீட்டிக்கொண்டிருந்தது.

இரண்டு கையிலும் காபியோடு நான் வெளியே வந்தபோது, தகரக் கூரைமேல் ஏணியை இழுக்கிற மாதிரி ஒரு சத்தம். அதற்குள் அனுமதி வந்து மச்சான் தள்ளியதில், எங்கள் வலது இறக்கை நுனி அந்த வாலுக்குள் போயிருந்தது. ஜன்னலுக்கு ஜன்னல் முகங்கள். நல்லவேளை, ஒருவருக்கும் காயமில்லை. நான் முதலில் செய்த காரியம், காபியைக் குப்பைத்தொட்டியில் போட்டது. அதற்கு அப்புறம்தான் ஓடினேன். யாராவது அடிபட்டுக் கிடக்கிறார்களா என்று தெரியாதபோதே, கப்பை எங்கே ஒளிப்பது என்று எனக்குத் தெரிந்திருந்தது.

மறுநாள் பாதுகாப்பு அதிகாரி கூப்பிட்டார். கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு அதை மேஜையில் தேடுகிற அம்மா.

"நீங்க எங்க நின்னீங்க?"

"இறக்கை நுனியில, மேடம்."

"என்ன சைகை காட்டினீங்க?"

என் கைகள் தாமாகவே எழுந்து குறுக்கே நின்றன. "நில்லுன்னு காட்டினேன். அவர் பாக்கல."

கேமராவுக்கு அந்த இடத்தை விளக்குக் கம்பம் மறைக்கும். இடது இறக்கைக்காரனுக்கு விமானத்தின் வயிறு மறைக்கும். இரண்டையும் விசாரித்துக்கொண்டுதான் அப்படிச் சொன்னேன். சரக்கைப் பார்க்காமல் விலை சொல்கிற குடும்பம் இல்லையே.

அடுத்து மச்சானைக் கேட்டார்கள். "பாக்கலைங்க மேடம்" என்றார். அவ்வளவுதான். ஓட்டுநர் அனுமதி அட்டையை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அதை அடியோடு ரத்து செய்வதா என்று வெள்ளிக்கிழமை முடிவு.

வியாழக்கிழமை மத்தியானம் அக்கா சாப்பிடக் கூப்பிட்டாள். மச்சான் வீட்டுச் சட்டையில் உட்கார்ந்து, ஒழுகாத குழாயைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார்.

"என் தம்பி குச்சியக் குறுக்க வெச்சுத் தொண்டை கிழியக் கத்தியிருக்கான்" என்றாள் அக்கா. "நீங்க எந்தக் கோட்டையப் பிடிக்கிற யோசனைல இருந்தீங்க?"

"கோட்டை இல்ல, வாலு. அதையும் பிடிச்ச அப்புறந்தான் பாத்தேன்."

"இந்தக் கிண்டலுக்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல. நீ சாப்பிடுடா. நீயாவது உன் வேலைய ஒழுங்கா செஞ்சியே." இன்னொரு கரண்டிச் சோற்றை என் தட்டில் போட்டாள். அதையும் தின்றேன்.

வாசலில் செருப்பு மாட்டும்போது மச்சான் சாப்பாட்டுப் பையை நீட்டினார். உள்ளே இரண்டு ஆரஞ்சுக் குச்சிகள்.

"சீட்டுல கெடந்துச்சு. விசாரணைக்குன்னு வண்டிய அவங்க கொண்டு போறதுக்குள்ள எடுத்துட்டேன்."

சீட்டில் கிடந்த குச்சியை எவனும் குறுக்கே காட்ட முடியாது. அது அவருக்கு அன்றைக்கே தெரியும். பையில் வைத்துக்கொண்டேதான் "பாக்கலைங்க மேடம்" என்று சொல்லியிருக்கிறார்.

"ஏன் மச்சான் இதக் காட்டல?"

"நீ அங்க இல்லன்னு தெரிஞ்சுதானே தள்ளினேன்? ஆள் இல்லாமத் தள்ளுனது என் தப்பு." உள்ளே எட்டிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "இனிமே சீட்டுல போடாத மாப்ள. அடுத்து வர்ற டிரைவர் உங்க அக்காவக் கட்டினவனா இருக்கமாட்டான்."

திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது பேசித் தப்பித்திருப்பேன்.

வெள்ளிக்கிழமை அலுவலகம் திறக்கும்போதே போய், குச்சிகளை அந்த அம்மாவின் மேஜையில் வைத்தேன்.

"இது என்ன?"

"என்னோடது, மேடம். அன்னிக்கு இது ரெண்டும் வண்டி சீட்டுல இருந்துச்சு. நான் காபி மெஷின்கிட்ட இருந்தேன்."

"இத்தன நாள் எங்க இருந்துச்சு?"

"வீட்டுல."

எந்த வீடு என்று அவர் கேட்கவில்லை. தலையிலிருந்து கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு என்னை ஒரு தடவை முழுசாகப் பார்த்தார்.

"அவருக்கு அட்டை திரும்பக் கிடைக்குமா மேடம்?"

"தெரியாது. ஆள் இல்லாமத் தள்ளினது தப்புதான். ஆனா இவ்ளோ நாள் ரெண்டு பேர் தப்ப ஒருத்தர் தலையில எழுதி வெச்சிருந்தேன்." வெள்ளைத்தாள் ஒன்றைத் தள்ளினார். "எல்லாத்தையும் எழுதுங்க."

எழுதினேன். இறக்கை இரண்டு. நின்ற ஆள் ஒருவர், இடதுபக்கம். குச்சி இரண்டு, சீட்டில். காட்டிய சைகை ஏதுமில்லை. காபி இரண்டு, குப்பையில். சொன்ன பொய் ஒன்று, என்னுடையது. கீழே கையெழுத்துப் போட்டேன்.

தாளில் ஏறாத பாக்கி ஒன்று உண்டு: அக்கா எனக்குக் கூடுதலாகப் போட்ட ஒரு கரண்டிச் சோறு. அதைச் சாயங்காலம் நேரில் போய்த்தான் தீர்க்க வேண்டும்.