நில்லுன்னா நில்லு

ஆர்டிஸ் அத்தை தன் கையாலேயே கட்டிய விமானத்தில் வெர்லின் மாமா ஒரு தடவைகூட ஏறியதில்லை. கட்டும்போது தகடுகளைப் பிடித்துக் கொடுத்தவர் அவர்தான். இறக்கைகளுக்கு வெள்ளைச் சாயம் பூசியவரும் அவர்தான். ஏறு என்றால் மட்டும் ஏதாவது ஒரு குறை அவர் கண்ணில் படும். முதலில் இருக்கைப் பட்டை வயிற்றை இறுக்குகிறது என்றார். அத்தை அதை மாற்றினாள். பிறகு கதவுக் கொக்கி சரியில்லை என்றார். அதையும் மாற்றினாள். இந்த வசந்தத்தில் குனிந்து டயரைத் தடவிப் பார்த்தார்.

"வழுக்கையாயிடுச்சே, ஆர்டிஸ்."

"உன் தலைக்கு அது எவ்வளவோ தேவலை."

"என் தலையை வச்சு யாரும் தரையிறங்கறதில்லையே."

"புது டயர் போட்டா ஏறுவியா?"

"ஏறுவேன்."

பக்கத்து விமானக் கொட்டகைக்காரர் ஓடெல் அப்போது அங்கே நின்றிருந்ததுதான் மாமா செய்த பிழை. ஓடெல் காதில் ஒன்று விழுந்தால் எங்கள் புல் ஓடுதளத்தில் விமானம் வைத்திருக்கும் எல்லார் காதிலும் விழுந்த மாதிரி.

அடுத்த ஊர்த் திடலில் சனிக்கிழமை பான்கேக் விருந்து. ஒவ்வொரு வருடமும் சுற்றுவட்டாரத்து விமானங்கள் எல்லாம் அங்கே போய் இறங்கும். மற்றவர்கள் மனைவியோடும் கணவனோடும் வந்து இறங்குவார்கள். அத்தை பக்கத்து இருக்கையில் குளிர்பெட்டியை வைத்து, அதற்குப் பட்டை போட்டு, அதோடு போய் இறங்குவாள். பள்ளியை விட்டுவிட்டு அவர்கள் வீட்டோடு வந்துவிட்ட நான், மாமாவோடு பிக்கப் வண்டியில் பின்னால் போவேன். போன வருடம் யாரோ குளிர்பெட்டியைக் காட்டி, "வீட்டுக்காரர் சௌக்கியமா?" என்று கேட்டார்கள். அத்தை சிரித்தாள். வீடு திரும்பிய பிறகு சிரிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வேலையை ஆரம்பித்தோம். அத்தை சாவியை உருவித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள். கழற்றாத சக்கரத்துக்கும் வால் சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் நான் கட்டை வைத்தேன். ஓடெல் விமானத்தின் இடது சக்கரக் கால் அருகே ஜாக்கியை நிறுத்தினார். விமானம் ஏற ஏறக் காலுக்கு அடியில் மரக்கட்டை அடுக்குவது அத்தையின் வேலை. மாமா ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு ஓரமாக உட்கார்ந்தார்.

ஓடெல் ஜாக்கிக் கம்பியை ஓர் அழுத்து அழுத்தினார்.

"நில்லு!" என்றார் மாமா.

எல்லோரும் கையை எடுத்துவிட்டோம்.

"கொட்டகைக் கதவு திறந்திருக்கு. காத்து இறக்கைக்கு அடியில புகுந்தா?"

அது நியாயம்தான். கதவைச் சாத்தினோம். மறுபடி ஓர் அழுத்து.

"நில்லு! அந்தக் கட்டை நல்லா உக்காந்திருக்கா?"

நான் போய்ப் பார்த்தேன். நன்றாகவே உட்கார்ந்திருந்தது.

"நில்லு! காப்பி ஆறுது, குடிச்சுட்டுச் செய்யலாமே."

ஓடெல் நிமிர்ந்தார். "யோவ், ஆயுசு பூரா டிராக்டரைத் தூக்கினவன்தானே நீ? இப்ப என்ன வந்துச்சு?"

"டிராக்டர் தரையை விட்டு எங்கேயும் போகாது."

"ஆர்டிஸ், இனிமே இவன் நில்லுன்னா எனக்குக் காது கேக்காது."

"கேக்கணும்," என்றாள் அத்தை. "என் கொட்டகையில நில்லுன்னா நில்லு. யார் சொன்னாலும் சரி. காரணமெல்லாம் அப்புறம்."

ஓடெல் முணுமுணுத்துக்கொண்டே அழுத்தினார். அவர் கண் டயரில். அத்தையின் கண் மரக்கட்டையில். நானும் டயரைத்தான் பார்த்தேன். அதன் அடிவயிறு உப்பி, உருண்டு, தரையை விட்டு விலகப் போகும் நேரம்.

"நில்லு!"

இந்தத் தடவை மாமாவின் குரல் வேறு மாதிரி இருந்தது. ஓடெலின் கை அந்தரத்தில் நின்றது.

"ஜாக்கியைப் பாரு. சாயுது."

பார்த்தோம். ஜாக்கியின் தலை உள்பக்கமாகச் சாய்ந்திருந்தது. விமானத்தின் கால் வில் மாதிரி வளைந்து கொடுக்கும் எஃகு. பாரம் குறையக் குறையச் சக்கரம் உள்ளே நகர்ந்து, ஜாக்கியின் தலையையும் கூடவே இழுத்திருக்கிறது. இன்னும் ஓர் அழுத்து விழுந்திருந்தால் ஜாக்கி நழுவியிருக்கும். இறக்கை நுனி சிமெண்டில் மோதியிருக்கும். விருந்தும் இல்லை, இந்தக் கோடையில் பறப்பதும் இல்லை.

ஓடெல் மெல்ல மெல்ல இறக்கினார். ஜாக்கியை நிமிர்த்தி வைத்து மறுபடி தொடங்கினார். மாமா வாளியை விட்டு எழுந்து வந்து தரையில் குப்புறப் படுத்து, ஜாக்கிக்கு நேரே கண்ணை வைத்துக்கொண்டார். "ஏத்து... ஏத்து... நில்லு. இப்ப இறக்கி, நேராக்கு. ஏத்து." பாதி உயரம், மறுபடி நேராக்கி மீதி உயரம். சக்கரம் காற்றில் சுழன்றது. அத்தை மரக்கட்டையைச் செருகினாள்.

"மடையா," என்றார் ஓடெல். "வாயை மூடிட்டு இருந்திருந்தா நாளைக்கு நிம்மதியா பிக்கப்புல போயிருப்பே."

"அந்த இறக்கைச் சாயம் நான் பூசினதுடா," என்றார் மாமா, படுத்தபடியே.

அத்தை அவரைப் பார்த்தாள். பிறகு வேகமாகத் திரும்பி, பழைய டயரில் மிச்சமிருந்த காற்றை முழுவதும் இறக்கிவிட்டு, சக்கரத்தைப் பிரிக்கத் தொடங்கினாள். டயரோடு ஒட்டிக்கொள்ளாமல் இருக்கப் புது டியூபுக்கு நான் பவுடர் பூசினேன். வலது பக்கத்தையும் அதே மாதிரி நிதானமாகத் தூக்கி மாற்றினோம். கொட்டகை முழுக்கக் குழந்தை குளிப்பாட்டிய வீட்டு வாசனை.

சனிக்கிழமை காலை மாமா சவரம் செய்துகொண்டு, ஞாயிற்றுக்கிழமைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். புது டயரில் நீட்டிக்கொண்டிருந்த ரப்பர் மயிர்களை விரலால் ஒரு தடவை நீவிவிட்டு, யாரையும் பார்க்காமல் ஏறி உட்கார்ந்தார். குளிர்பெட்டி பிக்கப்புக்கு வந்துவிட்டது.

விமானம் ஓடத் தொடங்கியது. கொஞ்ச தூரம்தான். சத்தம் அடங்கி, புல்லின் நடுவே நின்றுவிட்டது.

"போச்சு," என்றார் ஓடெல். "இறங்கப் போறான்."

கதவு திறக்கவில்லை. சற்று நேரத்தில் சத்தம் மறுபடி ஏறியது. விமானம் ஓடியது, வால் தூக்கியது, சக்கரங்கள் புல்லை விட்டன. சோள வயலுக்கு மேலே போனபோது ஓடெல் தொப்பியைக் கழற்றி வீசியதில் அது என் தலைமேல் விழுந்தது.

நானும், தன் விமானத்தைப் பழுதுபார்க்கப் பிரித்துப் போட்டிருந்த ஓடெலும் பிக்கப்பில் போய்ச் சேர்ந்தபோது மாமா பான்கேக்கில் பாகு ஊற்றிக்கொண்டிருந்தார்.

"நடுவுல ஏன்யா நின்னீங்க?" என்றார் ஓடெல்.

"இவன் நில்லுன்னு கத்தினான், நான் நிறுத்தினேன்," என்றாள் அத்தை. "என்னன்னு கேட்டா ஒண்ணுமில்லையாம்!"

"நிறுத்துறாளான்னு பார்த்தேன்," என்றார் மாமா. "நிறுத்தினா. அப்புறம் போன்னுட்டேன்."

"மேல போய்க் கத்தியிருந்தா?" என்றார் ஓடெல்.

"மேல போனதும் கத்தவே மறந்துட்டேன். நம்ம மாட்டுக்கொட்டகைக் கூரையில ஓட்டை இருக்குடா! இத்தனை நாளா எந்த மடையனும் சொல்லலை."

"நான் மூணு வருஷமா சொல்லிட்டிருக்கேன்," என்றாள் அத்தை.

திரும்பும்போது ஓடெலுக்கு வேறு யாரோ விமானத்தில் இடம் கொடுத்தார்கள். நான் மட்டும் வண்டியை ஓட்டினேன். பக்கத்து இருக்கையில் குளிர்பெட்டி. அதற்கு நான்தான் பட்டை போட்டுவிட்டேன். பாதி வழியில் என் தலைக்கு மேலே வெள்ளை இறக்கை ஒன்று தாழப் பறந்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடிக் காட்டிவிட்டுப் போனது.