காம்பில்லாமல் பறித்த பூக்கள்

ஜொகூரில் வசந்தம் என்று தனியாக ஒன்று கிடையாது. வெயில் அடிக்கும், மழை பெய்யும், சில நாள் இரண்டும் போட்டி போட்டுக்கொண்டு வரும். ஆனாலும் சீனப் புத்தாண்டு நெருங்கினால் பாசிர் கூடாங் கடைகளில் சிவப்பு விளக்குகள் தொங்க ஆரம்பித்துவிடும். வசந்தம் வந்துவிட்டது என்பார்கள். நாமும் தலையாட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

இந்த வருஷம் அது செல்லப்பன் வீட்டுக்கும் வரப் பார்த்தது. அவருடைய மகள் லோஷினி ஒரு சீனப் பையனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு இரண்டு வருஷம் ஆகிறது. செல்லப்பன் போகவில்லை. மனைவி வாசுகி மட்டும் போய்வந்தாள். அதற்குப் பிறகு லோஷினி இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. இப்போது புத்தாண்டுக்கு நாலு நாள் இருக்கும்போது, அவள் மாமியார் மே லிங், சம்பந்தி வீட்டைப் பார்க்க வேண்டும் என்று தானாகவே கிளம்பி வருகிறார். லோஷினியும் கூட வருகிறாள். மகள் பழையபடி வந்து போக வேண்டும், செல்லப்பனுக்கு வேண்டியது அவ்வளவுதான். ஆனால் அதை வாயைத் திறந்து சொல்லமாட்டார். வீம்பு என்றால் அப்படி ஒரு வீம்பு.

"நம்ம தோட்டத்துப் பூவையே ஜாடியில வைக்கலாம்ங்க. அவங்களுக்கு இந்த நேரத்துல வீட்டுல பூ இருக்கணுமாம்" என்று சொல்லி வாசுகி மூன்று கண்ணாடி ஜாடிகளை வாங்கி வைத்திருந்தாள். "வெள்ளைப் பூ மட்டும் வேணாம். அது அவங்களுக்குச் சாவு வீட்டுப் பூ."

காலையில் செல்லப்பன் கூடையை எடுத்துக்கொண்டு இறங்கினார். செம்பருத்தி, அரளி, இட்லிப்பூ, ரோஜா என்று ஒன்று விடாமல் பறித்து, கூடை நிறையக் கொண்டுவந்து வைத்தார். முகத்தில் பெருமை வேறு.

வாசுகி கூடைக்குள் கையை விட்டுப் பார்த்தாள்.

"காம்பு எங்கங்க?"

முப்பது வருஷமாகச் சாமிக்குப் பறித்த கை. நகத்தால் கழுத்தோடு கிள்ளித்தான் பழக்கம். ஜாடிக்குள் போட்டால் எல்லாப் பூவும் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

"அலமாக்! ஜாடியில நிக்கிறதுக்குக் காம்பு வேணும்னு கூடவா தெரியாது?"

"நீ சொல்லலயே" என்றார் செல்லப்பன். தப்பு தன்னுடையது என்று ஒப்புக்கொள்வதில் அவருக்கு அனுபவம் குறைவு.

கூடைப் பூக்கள் சாமி அறைக்குப் போயின. சாமிக்கு அன்று நல்ல வேட்டை. தோட்டத்தில் மிச்சம் இருந்தது இரண்டே இரண்டு. பூஜைக்கு ஆகாது என்று அவர் தொடாமல் விட்ட, வேலியோரத்துக் காகிதப்பூ. இன்னும் விரியாத ரோஜா மொட்டுகள். கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு போய், முள் கையைக் கிழிக்கக் கிழிக்க நீளநீளமாக வெட்டிவந்தார். ஒரு மணி நேரம் ஜாடிகளோடு மல்லுக்கட்டினார். ஒன்று சாய்ந்தது, ஒன்றில் இலைதான் அதிகம், மூன்றாவது பரவாயில்லை.

பதினொரு மணிக்கு அவர்கள் வந்தார்கள். மருமகன் வரவில்லை. அவனுக்கு ஷிஃப்ட் என்றாள் லோஷினி. யாரும் அதை நம்பவில்லை. அவள் சோபாவின் நுனியில் விருந்தாளி மாதிரி உட்கார்ந்தாள். செல்லப்பனுக்கு அதைப் பார்க்கவே என்னவோ போல இருந்தது.

மே லிங் நேராக ஜாடிகளிடம் போனார். மொட்டு ஒன்றை விரலால் தொட்டு, எப்போது விரியும் என்று மலாயில் கேட்டார்.

"நாலஞ்சு நாள் ஆகும்" என்று செல்லப்பனும் மலாயிலேயே சொன்னார்.

"நல்லது. அப்போ பெருநாளின் இரண்டாம் நாள். எங்களில் கட்டிக்கொடுத்த பெண்கள் எல்லாரும் அன்றைக்குத்தான் அப்பா வீட்டுக்குப் போவார்கள். என் மகள்கள் இரண்டு பேரும் வந்துவிடுவார்கள்." அவர் திரும்பி லோஷினியைப் பார்த்தார். "இவள் இரண்டு வருஷமும் அவர்களுக்குச் சமைத்துப் போட்டாள். தனக்குப் போக இடம் இல்லை என்றாள்."

"மா, விடுங்கலா" என்று மாமியாரைத் தடுத்தாள் லோஷினி. காது சிவந்துவிட்டது.

மே லிங் குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். செல்லப்பனுக்குத்தான் அது குத்தியது. மற்ற பெண்கள் அப்பா வீட்டுக்கு வந்து உட்கார்ந்து சாப்பிடும் நாளில் தன் மகள் யார் வீட்டுச் சமையற்கட்டிலோ நின்றிருக்கிறாள். அவமானமாக இருந்தது. அதைவிட, அழுகையாக வந்தது.

"ஏம்மா, இங்க வந்திருக்கலாமே?" என்றார் மகளிடம்.

"நீங்க கூப்பிடலயேப்பா."

வாசுகி சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டாள். செல்லப்பன் மகளைப் பார்த்தார், சம்பந்தியைப் பார்த்தார், வெளியே பார்த்தார்.

"ரெண்டாம் நாள் வாம்மா" என்றார். சாய்ந்திருந்த ஜாடியை நிமிர்த்தி வைத்தார். பிறகு, "மாப்பிள்ளையையும் கூட்டிக்கிட்டு வா."

லோஷினி தலையைக் குனிந்துகொண்டு கைப்பேசியை எடுத்தாள்.

"நீங்களே சொல்லுங்கப்பா" என்று கணவனின் எண்ணை அழுத்தி அவரிடம் நீட்டினாள்.